உள்ளங்கைக்குள் வந்த மாரியோ: பெற்றது என்ன? இழந்தது என்ன?

பொன்னேரியில் இருந்து திருப்பாலைவனம் வழியாகப் போனால் பழவேற்காடு வரும். ஏரிக்கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர்தான். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பரந்து கிடக்கும் ஏரி இது. உப்பு நீரும் நல்ல நீரும் கலக்கும் இந்திய ஏரிகளில், ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது இதுதான்.

இந்த ஏரியில் படகு விடும் மீனவர் வலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறார். காற்று வரும் திசையைப் பார்க்கிறார். தூரத்தில் கருக்கும் மேகத்தைப் பார்க்கிறார். வரப்போவதை முன்னாலேயே பார்த்துவிட்டால் படகைத் திருப்ப நேரம் கிடைக்கும்.

இப்போது ஒரு சிறு சோதனை. உங்கள் கையைக் குழல் போல மடக்குங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் அந்தக் குழல் வழியாக ஏரியைப் பாருங்கள். என்ன தெரிகிறது? படகு தெரிகிறது. படகில் இருக்கும் ஆளும் தெரிகிறார். ஆனால் மேகம் தெரியவில்லை! ஏரி மாறவில்லை. படகு மாறவில்லை. பார்க்கும் வாசல்தான் சிறுத்துவிட்டது.

உலகப் புகழ் பெற்ற ஒரு விளையாட்டுக்கும் இதே கதி நேர்ந்தது. டெலிவிஷன் பெட்டியில் ஓடிய அந்த விளையாட்டை, உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டிக்குள் கொண்டுவந்தார்கள். அதனால் கிடைத்த லாபம் என்ன? நஷ்டம் என்ன? பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தக் கணக்கு பயன்படும்.

யார் இந்த மாரியோ?

ஜப்பான் நாட்டில் கியோட்டோ என்ற பழமையான நகரம் இருக்கிறது. அங்கே 1889-ம் ஆண்டு ஒரு சீட்டுக்கட்டுக் கம்பெனி தோன்றியது. அதன் பெயர் நின்டெண்டோ. சீட்டில் தொடங்கிய கம்பெனி, பிறகு பொம்மைகள் செய்தது. அதன் பிறகு மின்சார விளையாட்டுகளில் இறங்கியது.

1985-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந்தேதி அந்தக் கம்பெனி "சூப்பர் மாரியோ பிரதர்ஸ்" என்ற ஆட்டத்தை ஜப்பானில் வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஷிகெரு மியாமோட்டோ. அவருக்குத் துணை நின்றவர் தகாஷி தெசூக்கா. இசை அமைத்தவர் கோஜி கோண்டோ.

கதை மிகச் சிறியது. ஒரு இளவரசியை அரக்கன் ஒருவன் தூக்கிப்போய்விட்டான். அவளை மீட்கக் கிளம்புகிறான் மாரியோ. குட்டையான ஆள், பெரிய மீசை, தலையில் தொப்பி. ஓடுவான், குதிப்பான். பள்ளத்தைத் தாண்டுவான். எதிரிகளின் தலையில் மிதிப்பான். 8 உலகங்கள், உலகத்துக்கு 4 கட்டங்கள், ஆக 32 கட்டங்கள். கடைசிக் கோட்டையில் இளவரசி காத்திருக்கிறாள்.

இதற்காகவா இத்தனை பேர்? ஆம்! இந்த ஆட்டம் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

நம் நாட்டு வீடுகளுக்கு 1990-களில் வந்தவை பெரும்பாலும் அசல் பெட்டிகள் அல்ல. அதைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகளே அதிகம் வந்தன. "டி.வி. கேம்" என்றும் "வீடியோ கேம்" என்றும் அவற்றை அழைத்தார்கள். அசலோ நகலோ, உள்ளே குதித்தவன் அதே மாரியோதான்.

மீசை முளைத்த கதை

மாரியோவுக்கு மீசை ஏன் வந்தது தெரியுமா? அழகுக்காக அல்ல. இடம் இல்லாததால் வந்த மீசை அது!

1981-ல் "டாங்கி காங்" என்ற ஆட்டத்தில்தான் அவன் முதலில் தலைகாட்டினான். அப்போது அவனுக்குத் தச்சன் வேலை. அந்தக் காலத்து இயந்திரத்தில் ஒரு மனிதனை வரைய மிகச் சில புள்ளிகளே கிடைத்தன. கோலம் போடுகிறவருக்குப் புள்ளி குறைந்தால் எப்படி இருக்கும்? அதே சங்கடம்தான். வாயை வரைய இடம் போதவில்லை. மூக்கைப் பெரிதாக்கி, கீழே ஒரு மீசையை ஒட்டினார் மியாமோட்டோ. ஓடும்போது தலைமுடி பறப்பதைக் காட்ட முடியவில்லை. தொப்பியை மாட்டிவிட்டார்.

1985-ம் ஆண்டு ஆட்டத்திலும் இந்தச் சிக்கனம் தொடர்ந்தது. அந்த ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட் அளவுக்குள் அடங்கியது. இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ, அதைப்போலப் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆட்டத்தில் வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே படம்தான். வெள்ளை பூசினால் மேகம்; பச்சை பூசினால் புதர்!

ஆகவே சிறியது என்பதாலேயே ஒரு பொருள் மட்டம் ஆகிவிடாது. மாரியோ சிக்கனத்தில் பிறந்த பிள்ளை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எழுத்து இல்லாத பாடம்

இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள எழுதப் படிக்கத் தெரிய வேண்டியது இல்லை. ஆட்டமே ஆசிரியர்.

திரையின் இடது பக்கம் மாரியோ நிற்கிறான். வலது பக்கம் வெட்டவெளி. "அந்தப் பக்கம் போக வேண்டும்" என்று யாரும் சொல்லாமலே புரிகிறது. கொஞ்ச தூரத்தில் காளான் போன்ற ஒரு எதிரி நடந்து வருகிறான். முட்டினால் மாரியோவின் உயிர் போகும். அடுத்த முறை குதிக்கத் தோன்றும். குதித்து அவன் தலையில் விழுந்தால் அவன் நசுங்குவான். இரண்டே நிமிடத்தில் ஒரு பாடம் முடிந்தது!

மேலே கேள்விக்குறி போட்ட பெட்டி மின்னுகிறது. முட்டினால் ஒரு காளான் வெளியே வருகிறது. அது வலப்பக்கம் ஓடி, ஒரு குழாயில் மோதி, மாரியோவை நோக்கித் திரும்பி வருகிறது. பயந்து ஓட நினைப்பவன் மேலும் அது வந்து படுகிறது. உடனே மாரியோ பெரியவன் ஆகிறான். "இது நல்ல காளான்" என்பது இரண்டாவது பாடம்.

இந்தப் பாடங்கள் எல்லாம் பலிப்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு. எதிரி, பெட்டி, குழாய், பள்ளம் எல்லாம் முன்னாலேயே கண்ணுக்குத் தெரிகின்றன. பார்க்க நேரம் இருக்கிறது. யோசிக்க நேரம் இருக்கிறது. அப்படியும் தோற்றால், தவறு ஆடியவருடையது. ஆட்டத்தின் மேல் பழி போட முடியாது.

16 கட்டமும் 10 கட்டமும்

நின்டெண்டோ கம்பெனியில் குன்பெய் யோகோய் என்று ஒரு நிபுணர் இருந்தார். ரெயிலில் போகும்போது ஒருவர் கால்குலேட்டரை வைத்துப் பொழுது போக்கியதைப் பார்த்து, கையில் அடங்கும் விளையாட்டுப் பெட்டி செய்யும் எண்ணம் அவருக்கு வந்தது என்று சொல்லப்படுகிறது. 1989-ல் அவர் குழு "கேம் பாய்" என்ற கைப்பெட்டியைக் கொண்டுவந்தது. 1998-ல் அதன் வண்ணத் தம்பி "கேம் பாய் கலர்" பிறந்தது.

அடுத்த ஆண்டு, 1999-ல், பழைய மாரியோ அந்தக் கைப்பெட்டிக்குள் நுழைந்தான். புதிய ஆட்டத்தின் பெயர் "சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ்".

அங்கேதான் சிக்கல்.

பழைய இயந்திரத்தின் படம், அகலத்தில் 256 புள்ளி. உயரத்தில் 240 புள்ளி. கைப்பெட்டியின் திரையோ அகலத்தில் 160, உயரத்தில் 144. இரண்டிலும் மாரியோ அதே அளவுதான்.

எளிதாகச் சொல்வோம். தரையில் பதித்த ஒரு செங்கல் கட்டம் 16 புள்ளி அகலம் கொண்டது. டெலிவிஷனில் குறுக்கே 16 கட்டங்கள் தெரியும். கைப்பெட்டியில் 10 கட்டங்களே தெரியும். டெலிவிஷனில் மேலும் கீழுமாக 15 கட்டங்கள். கைப்பெட்டியில் 9. மொத்தத்தில், பழைய படத்தில் பாதிகூட இல்லை!

மாரியோ முழு வேகத்தில் ஓடினால் வினாடிக்குச் சுமார் 9 கட்டங்களைக் கடப்பான். அவன் திரையின் நடுவில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். டெலிவிஷனில் அவனுக்கு முன்னால் 8 கட்டம் தெரியும். எதிரி கண்ணில் பட்டதில் இருந்து மோதுவதற்குள் கிட்டத்தட்ட ஒரு வினாடி கிடைக்கும். கைப்பெட்டியில் 5 கட்டம்தான். அரை வினாடியை ஒட்டியே கிடைக்கும். எதிரியும் எதிரே வந்தால் அதுவும் குறையும்.

அரை வினாடி என்ன பெரிய விஷயமா? பள்ளத்தின் விளிம்பில் நிற்பவனைக் கேளுங்கள்!

உயரத்திலும் இதே கஷ்டம். டெலிவிஷனில் மேலே உள்ள மேடையும் கீழே உள்ள தரையும் ஒரே பார்வையில் தெரியும். கைப்பெட்டியில் மாரியோ மேலே ஏறினால் தரை மறைந்துவிடும். கீழே குதிக்க வேண்டும். கீழே இருப்பது தரையா, பள்ளமா, ஆமையா? தெரியாது. கோட்டைக்குள் அரக்கன் நெருப்பை ஊதுவான். டெலிவிஷனில் அந்த நெருப்பு தூரத்தில் வரும்போதே தெரியும். கைப்பெட்டியில் அது கண்ணில் படும்போது பக்கத்தில் வந்திருக்கும்.

கையைக் குழலாக மடக்கி ஏரியைப் பார்த்த கதைதான் இது.

வெட்டுவதா? நசுக்குவதா?

"படத்தையே சுருக்கிவிட்டால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி.

பெரிய கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது. அதைச் சின்னச் சட்டத்துக்குள் மாட்ட வேண்டும். ஓரத்தை வெட்டினால் சித்தப்பா, சித்தி போய்விடுவார்கள். படம் முழுவதையும் நசுக்கினால் எல்லாரும் இருப்பார்கள். ஆனால் மாப்பிள்ளையும் பெண்ணும் குள்ளமாகத் தெரிவார்கள்.

1999-ல் வெட்டினார்கள். 2004-ல் நசுக்கினார்கள்!

2004-ம் ஆண்டு "கேம் பாய் அட்வான்ஸ்" என்ற அடுத்த கைப்பெட்டிக்கு அதே மாரியோ ஆட்டம் மீண்டும் வந்தது. அந்தத் திரை அகலத்தில் 240 புள்ளி, உயரத்தில் 160. அகலம் ஏறக்குறைய முழுவதும் கிடைத்துவிட்டது. உயரம் போதவில்லை. எனவே படத்தை மேலிருந்து அமுக்கினார்கள். வருவது எல்லாம் தெரிந்தது. ஆனால் ஏற்கெனவே குட்டையான மாரியோ இன்னும் குட்டை ஆனான்.

அழகு முக்கியம் என்றால் 1999-ம் ஆண்டு ஆட்டம். முன்னால் தெரிய வேண்டும் என்றால் 2004-ம் ஆண்டு ஆட்டம். இரண்டும் ஒருசேரக் கிடைத்தது 1985-ல் மட்டுமே.

கைப்பெட்டி கொடுத்த வரம்

இதைப் படித்துவிட்டு டீலக்ஸ் ஆட்டம் மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எடுத்ததற்கு ஈடாக அது பலவற்றைக் கொடுத்தது.

முதலாவது, திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்க வழி செய்தார்கள். குதிப்பதற்கு முன் நின்று எட்டிப் பார்க்கலாம். ஓடுகிறவனுக்கு உதவாது, நிதானமாக ஆடுகிறவனுக்கு உதவும்.

இரண்டாவது, மிகப் பெரிய வரம். பழைய ஆட்டத்தில் மின்சாரம் நின்றால் எல்லாம் போச்சு! ஏழாவது உலகம் வரை போன பையன், வெளிச்சம் திரும்பியதும் முதல் உலகத்தில் நிற்பான். அவன் கண்ணில் நீர் வந்தால் ஆச்சரியம் இல்லை. டீலக்ஸ் ஆட்டத்தில் போன தூரத்தைச் சேமித்து வைக்கலாம். பெட்டியை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போகலாம். மாலையில் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

மூன்றாவது, புதிய வேலைகள். ஒவ்வொரு கட்டத்திலும் 5 சிவப்பு நாணயங்களையும் ஒரு முட்டையையும் ஒளித்து வைத்தார்கள். பேயோடு ஓட்டப்பந்தயம் ஒன்று சேர்த்தார்கள். 1986-ல் ஜப்பானில் வந்த இரண்டாம் பாகத்தையும் உள்ளே வைத்தார்கள். போதிய மதிப்பெண் எடுத்தவருக்கு அது திறக்கும். ஒரு ஆட்டம் வாங்கியவருக்கு இரண்டு ஆட்டம்!

நான்காவது, இரண்டு சிறு பேட்டரி இருந்தால் போதும். மின்சாரம் வேண்டாம், டெலிவிஷன் வேண்டாம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கேம் பாய் கலர் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. இருட்டில் அது குருடு. நல்ல வெயிலில்தான் பளிச்சென்று தெரியும். டெலிவிஷன் வெயில் பட்டால் மங்கும். இந்தப் பெட்டி வெயில் பட்டால் துலங்கும். நடு ஏரியில், உச்சி வெயிலில், படகில் வைத்து ஆடத் தகுந்த பெட்டி அது!

அடுத்தவர் முறை

திரையின் அளவைப் பற்றிப் பேசினோம். இன்னும் ஒரு இழப்பு இருக்கிறது. அது புள்ளிக் கணக்கில் வராது.

பழவேற்காட்டு மீனவர்களிடம் "பாடு" என்று ஒரு முறை உண்டு. ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. எல்லாரும் ஒரே இடத்தில் வலை விரித்தால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே சீட்டுப் போட்டு, இன்று இவருக்கு, நாளை அவருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். தன் முறை வரும் வரை மற்றவர் காத்திருப்பார். ஏரி ஒன்று, பிழைப்பவர் பலர். தகராறு இல்லாமல் பகிர்ந்துகொள்ள முன்னோர் கண்ட வழி இது.

1985-ம் ஆண்டு மாரியோ ஆட்டத்திலும் ஒரு "பாடு" இருந்தது! இரண்டு பேர் ஆடலாம். ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. ஒருவர் மாரியோ; மற்றவர் அவன் தம்பி லூயிஜி. மாரியோவின் ஒரு உயிர் போனால் லூயிஜியின் முறை. லூயிஜி விழுந்தால் மீண்டும் மாரியோ.

காத்திருப்பவர் சும்மா இருப்பாரா? திரையைப் பார்ப்பார். "டேய், குழாயில் இருந்து செடி வருது பார்!" என்று கத்துவார். "அண்ணா, இந்தச் செங்கல்லை முட்டு, காசு வரும்" என்று தங்கை சொல்வாள். சமையல் கட்டில் இருந்து அம்மா எட்டிப் பார்ப்பார். "இன்னும் அந்த மீசைக்காரன் இளவரசியைக் கண்டுபிடிக்கலையா?" என்று பாட்டி கேட்பார். ஆடுகிறவர் ஒருவர்; பார்க்கிறவர் ஐந்து பேர். ஒருவர் கண்ணுக்குத் தப்பிய பள்ளம் மற்றவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கைப்பெட்டியில் இது இல்லை. திரை ஒருவர் முகத்துக்கு மட்டுமே சரியாக இருக்கும். பக்கத்தில் இருப்பவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. டீலக்ஸ் ஆட்டத்தில் இரண்டு பேர் போட்டியிடலாம். ஆனால் இரண்டு பெட்டி வேண்டும், இரண்டு ஆட்டம் வேண்டும், நடுவில் ஒரு கம்பி வேண்டும். எத்தனை வீட்டுக்கு அது கட்டுப்படி ஆகும்?

திரை சிறுத்ததில் முன்னால் இருந்த 3 கட்டம் போயிற்று. அதோடு பக்கத்தில் இருந்த தங்கையும் போய்விட்டாள்!

பெற்றோர் கவனத்துக்கு

இன்று கேம் பாய் கலர் பழம்பொருள் ஆகிவிட்டது. ஆனால் மாரியோ ஓயவில்லை. "400 ஆட்டங்கள்" என்று எழுதிய சின்னக் கைப்பெட்டிகள் கடைத்தெருவில் விற்கின்றன. அவற்றில் உள்ளவை பெரும்பாலும் பழைய டெலிவிஷன் ஆட்டங்களின் நகல்களே. செல்போனிலும் பிள்ளைகள் இதுபோன்ற ஓடிக் குதிக்கும் ஆட்டங்களை ஆடுகிறார்கள்.

இவற்றை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் சில விஷயங்களைக் கவனிப்பது நல்லது.

திரை எவ்வளவு பெரியது என்று மட்டும் பார்க்காதீர்கள். ஓடுகிறவனுக்கு முன்னால் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பாருங்கள். தூரம் தெரியாத ஆட்டத்தில் பிள்ளை திரும்பத் திரும்பத் தோற்பான், எரிச்சல் அடைவான். "உனக்கு ஆடத் தெரியவில்லை" என்று அவனைக் கடிந்துகொள்வது நியாயம் அல்ல. அவன் பார்ப்பதற்குள் பள்ளம் வந்துவிடுகிறது.

விட்ட இடத்தில் இருந்து தொடர வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வசதி இருந்தால் சாப்பிடக் கூப்பிடும்போது பிள்ளை எழுந்து வருவான். இல்லாவிட்டால் "இதோ, இந்த ஒரு கட்டம்" என்று சோறு ஆறிப் போகும்.

மூன்றாவதுதான் முக்கியம். சில கைப்பெட்டிகளில் டெலிவிஷனோடு இணைக்க ஒரு கம்பி தருகிறார்கள். அதைப் பரணில் போட்டுவிடாதீர்கள்! ஞாயிற்றுக்கிழமை மாலை அதை டெலிவிஷனில் மாட்டுங்கள். அண்ணனுக்கு ஒரு உயிர், தங்கைக்கு ஒரு உயிர் என்று முறை வையுங்கள். அப்பாவும் ஒரு முறை குதித்துப் பார்க்கட்டும். முதல் பள்ளத்திலேயே அவர் விழுவார். வீடே சிரிக்கும்.

எது சிறந்தது, அசலா, கைப்பெட்டியா? தனியாக, நிதானமாக, நாளுக்குக் கொஞ்சமாக ஆடுகிறவருக்கு 1999-ம் ஆண்டு டீலக்ஸ் நல்ல தோழன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கும் நாலு பேராகச் சேர்ந்து ஆடுகிறவருக்கும் 1985-ம் ஆண்டு அசலுக்கு ஈடு இல்லை. காரணம், அதில் வருவது முன்னாலேயே தெரிகிறது. தெரியாமல் போனாலும் சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்கிறது.

பழவேற்காட்டு ஏரியில் ஒரு படகில் இரண்டு பேராகப் போவதைப் பார்க்கலாம். ஒருவர் வலையைக் கவனிக்கிறார். மற்றவர் கண் தூரத்தில் இருக்கிறது.